சனிக்கிழமை மண்டகப்படி

வெள்ளத்தாய்க்குப் படிப்பின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம், படிப்பினால் கெட்டுப்போன அவளுடைய அண்ணன்.

கூமாப்பட்டியில் அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு மண்வெட்டி உண்டு. அண்ணனை மட்டும் வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவன் அங்கே போய் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினான். பழகிய மறுநாளிலிருந்து மண்வெட்டியைத் தொடவில்லை. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்து வாசித்தான். வயலுக்கு வா என்றால், "இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாரேன்" என்பான். அந்தப் பக்கம் கடைசி வரை முடியவில்லை. படிப்பு ஆளைக் கெடுக்கும் என்று வீட்டில் அத்தனை பேரும் முடிவு கட்டினார்கள். வெள்ளத்தாய் மட்டும் இதே சங்கதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எருமை மாதிரி இருக்கிற ஓர் ஆண்பிள்ளையை மண்வெட்டியிலிருந்து விடுவிக்கிற வித்தை, ஒரு பெண்பிள்ளையை அம்மிக்கல்லிலிருந்து விடுவிக்காதா என்ன?

இந்த யோசனையையும் சீர்வரிசையோடு கட்டிக்கொண்டு அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

வாய்த்த புருஷர் சிவனாண்டி, ஜட்கா வண்டிக்காரர். மடவார் வளாகத்தில் வைத்தியநாதர் கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் வீடு. வீட்டில் பாதி குதிரைக்கு, மீதியில் மற்றவர்கள். ஊருக்கு ரயில் வந்தது முதல் ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டம். நல்ல மனுஷர். ஒரே ஒரு குணம்தான் கஷ்டம். வாய்க்கு வந்தபடி சத்தியம் செய்துவிடுவார். ஊரில் மற்றவர்கள் நன்றாக யோசித்துச் சத்தியம் செய்து அப்புறம் மீறுவார்கள். இவர் யோசிக்காமல் செய்துவிட்டு உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கத்தரிக்காய் வேகவில்லை என்று கோபித்து, "இனி இந்தக் காய என் வாயில வைக்க மாட்டேன், வைத்தியநாதர் சாட்சி" என்று சொல்லிவிட்டார். கத்தரிக்காய் அவருக்கு உயிர். அன்று முதல் அதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு ரசம் சோறு சாப்பிட்டு வந்தார்.

மூத்த மகள் குருவம்மா. சின்னவள் பேச்சி அப்போது இடுப்பில் இருந்தாள். குருவம்மாவை மேட்டுத்தெரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே வெள்ளத்தாய்தான். சிவனாண்டிக்கு அதில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. குதிரைக்கு லாடம் அடிக்கிற மாதிரி அதுவும் ஒரு காரியம் என்று விட்டுவிட்டார். இரண்டாம் வகுப்பு வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அந்தப் பெண் ஒரு தப்பு செய்தாள். தப்பில்லாமல் வாசித்தாள்.

ஸ்டேஷன் முகப்பில் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஊரிலேயே நல்ல நிழல். அந்த நிழலில் ஒரு தகரப் பலகை. அதில் என்னவோ எழுதியிருக்கும். சிவனாண்டி பல வருஷங்களாக அங்கேதான் வண்டியை நிறுத்துவார். போலீஸ்காரர் வந்து அதட்டினால், "எழுத்து தெரியாதுங்க எசமான்" என்று தலையைச் சொறிவார். எழுத்து தெரியாதவனைப் பலகையைக் காட்டித் திட்டி என்ன பிரயோசனம் என்று போலீஸ்காரரும் போய்விடுவார். அறியாமையில் இவ்வளவு நிழல் உண்டு.

ஒரு நாள் குருவம்மாவும் வண்டியில் இருந்தாள். போலீஸ்காரர் வந்தார், கேட்டார். சிவனாண்டி தலையைச் சொறிந்தார். பின்னால் இருந்து குருவம்மா எட்டிப் பார்த்து, வகுப்பில் வாசிக்கிற அதே ராகத்தில், "வண்டிகள் இங்கே நிற்கக் கூடாது" என்று ஸ்டேஷனுக்கே கேட்கும்படி வாசித்தாள். வாசித்துவிட்டு, தகப்பனாரும் போலீஸ்காரரும் தன்னைப் பாராட்டுவார்கள் என்று மாறி மாறிப் பார்த்தாள்.

பாராட்டினது போலீஸ்காரர் மட்டும். "பிள்ள நல்லா வாசிக்குதே! இனிமே உமக்கும் தெரியும்லா வே? ஓட்டும் வண்டிய!"

அன்றிலிருந்து வண்டி வெயிலுக்குப் போயிற்று. மற்ற ஜட்காக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் ஆறியிருக்கும். "என்ன சிவனாண்டி, மக சம்பாதிச்சுக் குடுத்த எடம் நல்லாக் காயுதா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சாட்டையை எறிந்தார். கோயில் கோபுரம் இருக்கிற பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

வெள்ளத்தாய் ஓடி வந்தாள். "வேண்டாங்க, கைய எறக்குங்க! கைய எறக்கிட்டுப் பேசுங்க!"

"வைத்தியநாதர் சாட்சியாச் சொல்லுதேன். எம் பிள்ள இனி அந்தப் பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிக்க மாட்டா!"

சொல்லியாகிவிட்டது. வெள்ளத்தாய் அதற்கப்புறம் வாதாடவில்லை. அந்தச் சத்தியத்தின் மேல் அவருக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்தது. மீறினால் குதிரைக்கு ஆகாது. குதிரைக்கு ஆகாவிட்டால் வீட்டுக்கே ஆகாது. குருவம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்காக வெள்ளத்தாய் கூமாப்பட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த யோசனை, அந்த அம்மிக்கு அடியிலேயே நசுங்கிக் கிடந்தது.

அது வரை கடைத்தெருவில் அவித்த கடலை விற்று வந்தவள், மறுநாள் முதல் கூடையை மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். மகள் போகாத பள்ளிக்கூடத்துக்குத் தாய் ஒரு நாள் தவறாமல் போனாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தேவநேசன், நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. சிரிப்பைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாரோ என்று பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள். படிப்பில் குடும்பத்தாருக்கும் பங்கு வேண்டும் என்று அந்த வருஷம் மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவரும் பெற்றோர்களை ஒரு சாயங்காலம் வரவழைத்து உபதேசியார் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"வாரத்துல ஆளுக்கு ஒரு நாளா எடுத்துக்கிடணும். அன்னைக்கு உங்க ஆட்கள் வந்து, பிள்ளைக என்ன படிக்குன்னு கூட இருந்து பாக்கணும். உங்களால ஆன ஒத்தாசையச் செய்யணும். பள்ளிக்கூடம் என் ஒருத்தனுக்குச் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம்."

கூட்டம் யோசித்தது. 'ஆளுக்கு ஒரு நாள்' என்பது அந்த ஊரில் யாருக்கும் புதிய விஷயமல்ல. திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாருடைய மண்டகப்படி. அன்று பந்தல், மேளம், பிரசாதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, மரியாதையும் அவர்களுக்கே. செக்கு வைத்திருக்கும் கண்ணுச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப திங்கக்கிழம எங்க மண்டகப்படி."

தேவநேசன் வளர்ந்த ஊரில் தேர் இல்லை, திருவிழா இல்லை. அசனம் என்கிற சர்ச்சு விருந்து ஒன்றுதான் உண்டு. மண்டகப்படி என்பது வருகை என்பதற்கு இந்த ஊர்ச் சொல்லாக இருக்கும் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு என்றார் தறிக்காரர்கள் சார்பில் சுயம்புலிங்கம். புதன்கிழமையைச் சர்ச்சுத் தெருக்காரர்களுக்காக வேதமணி வாங்கிக்கொண்டார். வியாழன், பள்ளிவாசல் தெரு வியாபாரி அகமது கபீருக்கு. வெள்ளியை மளிகைக் கடைக்காரர்கள் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"சார், எனக்கு ஒரு நாளு வேணும்."

கடலைக் கூடையும் இடுப்பில் பேச்சியுமாக வெள்ளத்தாய் நின்றாள்.

கண்ணுச்சாமி சிரித்தார். "ஏத்தா, உம் பிள்ளதான் பள்ளிக்கூடத்துலயே இல்லையே. உனக்கு எதுக்கு மண்டகப்படி?"

"திருவிழா எடுக்கவுக பிள்ளைக எல்லாம் கோயிலுக்குள்ளயா குடியிருக்கு, அண்ணாச்சி?"

"வெவரமாத்தான் கேக்கா. ஆனா நாளு எல்லாம் போச்சே. சனிக்கிழமதான் கெடக்கு, லீவு நாளு. ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு நீ கடல அவிச்சுப் போடு!"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளத்தாயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரி, அதக் குடுங்க" என்றாள். இல்லாத ஒரு நாளைக் கொடுப்பதில் தமக்கு நஷ்டமில்லை என்று தேவநேசன் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நாகசுரம் கேட்டபோதுதான் மண்டகப்படி என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்தது. கண்ணுச்சாமி ஆட்கள் வாழைமரம் கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தங்களால் ஆன ஒத்தாசையாக, வரிசையாக உட்காரவைத்து எல்லார் தலையிலும் நல்லெண்ணெய் வைத்தார்கள். அன்று முழுவதும் சிலேட்டில் எழுத்து நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்காரர்கள் எண்ணெய்க்குத் தோற்கலாமா? சுயம்புலிங்கம் பள்ளிக்கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் புதுத் துணியால் பந்தல் கட்டினார். இரண்டாம் வகுப்பை மூன்றாம் வகுப்பு பார்க்க முடியாமல் போயிற்று. அதனால் இரண்டும் கொஞ்சம் படித்தன; ஆனால் இந்த நன்மையை யாரும் உத்தேசிக்கவில்லை. புதன்கிழமை வேதமணி ஆர்மோனியத்தோடு வந்து வாய்ப்பாட்டைப் பாமாலை ராகத்தில் பாட வைத்தார். பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்ததும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றார்கள். அகமது கபீர் எல்லாருக்கும் சர்பத்தும், சட்டைக்கு ஒரு சொட்டு அத்தரும் கொடுத்தார். அந்த வாசனை வெள்ளிக்கிழமைச் சுண்டலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மளிகைக்காரர்கள், "எங்க மண்டகப்படியில பாய் மணக்காரு!" என்று சண்டைக்குப் போனார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வராமல் கண்மாய்க்கரையில் சுற்றின பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். வருகை இவ்வளவு இருந்ததும் இல்லை, படிப்பு இவ்வளவு குறைந்ததும் இல்லை. சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் தேவநேசன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

வெள்ளத்தாய் வாசலில் இருந்தபடியே சில வாரம் இதையெல்லாம் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அவரைக் கூப்பிட்டாள்.

"சார், இவிய செய்யிறது ஒண்ணும் மண்டகப்படியே இல்ல."

"பின்ன என்னதும்மா?"

"சாமிதான் மண்டகப்படிக்காரன் எடத்துக்கு எழுந்தருளும். மண்டகப்படிக்காரன் மேளத்தத் தூக்கிட்டுச் சாமி எடத்துக்குப் போயி எண்ண தேய்ப்பானா? என் சனிக்கிழமைக்குப் பள்ளிக்கூடம் என் வீட்டுக்கு வரணும்."

"பள்ளிக்கூடம் எப்படிம்மா நடந்து வரும்?"

"சாமி மட்டும் நடந்தா போகுது? தூக்கிக்கிட்டுத்தான போறாக."

"கட்டடத்தைத் தூக்க முடியுமா?"

"அது மூலவர், அங்கனயே இருக்கட்டும். அந்தா நிக்கே கரும்பலக, அது உற்சவர். அதத் தூக்கிட்டு வாங்க."

தேவநேசனுக்கு இது வேதத்துக்கு அடுக்குமா என்று கவலை. வீட்டுக்குப் போய் மனைவி தேவகிருபையிடம் முறையிட்டார். அந்த அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவ எதுக்கு இம்புட்டு மெனக்கெடுதான்னு தெரியலையா உங்களுக்கு? அந்தப் பிள்ள குருவம்மா, வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதான அவ ஐயா சத்தியம்? பள்ளிக்கூடம் அவ வாசலுக்குப் போனா எந்தச் சத்தியம் உடையும்?"

"அது சரி. ஆனா பலகையப் போய் மாலை போட்டுத் தூக்கிக்கிட்டு..."

"நம்ம வேதத்துல உடன்படிக்கைப் பெட்டிய வனாந்தரத்துல தூக்கிட்டு நடந்தாகளே, அத என்னன்னு சொல்லுவீக? மரம்தான அதுவும்."

தேவநேசன் அதற்கு மேல் வேத ஆராய்ச்சி செய்யவில்லை. கற்பூரம் மட்டும் கூடாது என்று நிபந்தனை போட்டார். சாம்பிராணி போடலாமா என்று வெள்ளத்தாய் கேட்டாள். கொசுவுக்காக என்றால் போடலாம் என்றார்.

விஷயம் வெளியே கசிந்ததும் கண்ணுச்சாமிக்குத் தூக்கம் போயிற்று. உற்சவர் எழுந்தருள வேண்டும் என்பது ஏன் தமக்குத் தோன்றாமல் போயிற்று? தலைமுறை தலைமுறையாகத் திருவிழா நடத்துகிற குடும்பம். ஒரு கடலைக்காரி முறை சொல்லிக் கொடுக்கும்படி ஆயிற்றே! அழைப்பு இல்லாவிட்டாலும் மேளத்தை அனுப்புவது என்று முடிவு செய்தார். கண்ணுச்சாமி மேளம் அனுப்பினால் சுயம்புலிங்கம் சும்மா இருப்பாரா?

சிவனாண்டிக்கு மட்டும் எதுவும் தெரியாது. தேவநேசன் ஸ்டேஷனுக்குப் போய், "சனிக்கிழம காலையில ஒரு சாமான் கொண்டு போகணும். வளாகத்துப் பக்கம்" என்று வண்டியைப் பேசிவிட்டு வந்தார். இதுவும் வெள்ளத்தாயின் ஏற்பாடுதான். உற்சவருக்கு வாகனம் வேண்டாமா?

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் சிவனாண்டி வண்டியை நிறுத்தினார். உள்ளேயிருந்து வந்த சாமானைப் பார்த்துத் திகைத்தார். கரும்பலகைக்கு அரளி மாலை. மேலே சுயம்புலிங்கத்தின் துணியில் குடை. பிள்ளைகள் இரண்டு வரிசையாகச் சிலேட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சாமி இது?"

"உற்சவர்" என்றார் கண்ணுச்சாமி. "குதிர வாகனத்துல புறப்பாடு. துண்ட இடுப்புல கட்டு!"

சிவனாண்டி துண்டை இடுப்பில் கட்டினார். யாருடைய மண்டகப்படி என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் தமக்கு அழைப்பில்லை என்பது தெரிந்துபோகும். ஆகவே எல்லாம் தெரிந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். ரத வீதியில் ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் கும்பிட்டுக்கூட வைத்தார்கள். மேளம் காதைப் பிளந்தது. தமது வாழ்நாளில் இவ்வளவு மரியாதையான சவாரி ஏறினதில்லை என்று அவருக்கு மார்பு விரிந்தது. எத்தனை திருவிழாவுக்கு ஆள் கொண்டுவந்து இறக்கியிருப்பார்! இறக்கிவிட்டு, கூட்டத்துக்கு வெளியே லகானைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு வாய்த்த தரிசனம்.

வளாகத்தை எட்டியதும், "எந்தப் பக்கம் திருப்ப?" என்று பின்னால் பார்த்துக் கத்தினார். மேளத்தில் யார் காதிலும் விழவில்லை. குதிரைக்கு அது கொள்ளு வைக்கிற நேரம். அது யாரையும் கேட்காமல் தெற்குச் சந்தில் திரும்பி, தன் வீட்டு வாசலில் போய் நின்று கனைத்தது.

வாசல் முழுக்கக் கோலம். வேப்பிலைத் தோரணம். ஆரத்தித் தட்டோடு வெள்ளத்தாய்.

மேளம் நின்றது. சிவனாண்டி வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"ஏட்டி, யாரு மண்டகப்படி இது?"

"உங்க மண்டகப்படிதான்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் கறுத்தது. லகானைச் சுருட்டிப் பிடித்தார். வண்டியைத் திருப்பிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் குருவம்மாவின் பாவாடை நுனி அசையாமல் நின்றது.

"என் சத்தியம் என்னாகுறது?" என்றார் அவர் அடிக்குரலில்.

பதில் கண்ணுச்சாமியிடமிருந்து வந்தது. "ஏலே கிறுக்கா, உம் மக எங்கடா பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சா? பள்ளிக்கூடமில்லா உன் வாசல மிதிச்சிருக்கு!"

சிவனாண்டி கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

வெள்ளத்தாய் தட்டோடு பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "வாசலுக்கு வந்த உற்சவரத் திருப்பி அனுப்புனா ஊரு என்ன சொல்லும்னு நான் சொல்லல. நான் என்ன சொல்லுவேன்னு செத்த நேரம் யோசிச்சுக்கோங்க."

அவர் யோசித்தார். அதற்குள் சுயம்புலிங்கம் ஒரு புதுத் துண்டை உதறி மடித்து, அண்ணாந்து, வண்டியில் இருந்தவர் தலையில் பரிவட்டமாகக் கட்டிவிட்டார். முதல் மரியாதை! ஜட்காக்காரன் தலையில் அது வரை யாரும் சும்மாட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. சிவனாண்டி கையை உயர்த்தி அதை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். லகான் நழுவிற்று. குதிரை தோரணத்து வேப்பிலையை ஒரு கடி கடித்துவிட்டுக் கசந்து தலையை உதறியது.

"எறக்குங்கலே உற்சவர!" என்று அவர் அதட்டினார். "எம்புட்டு நேரம் வெயில்ல நிக்கும்?"

கரும்பலகை சுவரோரம் எழுந்தருளியது. பிள்ளைகள் சந்து நிறைய உட்கார்ந்தார்கள். குருவம்மா கதவிடுக்கில் வந்து நின்றாள். அதுவும் போதாமல் வாசலுக்கு வந்தாள். தேவநேசன் சாக்கட்டியை எடுத்ததும் வெள்ளத்தாய், "மொத வரி மண்டகப்படிக்காரி சொல்லுததுதான் சார்" என்று அருகில் போய் ஏதோ ரகசியமாகச் சொன்னாள். சாக்கட்டி ஒடிந்தது. தலைமையாசிரியர் சிரிப்பார் என்பது அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. வேறு கட்டி எடுத்துப் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினார்.

"குருவம்மா, வாசி."

அவள் தகப்பனாரைப் பார்த்தாள். ஒரு முறை வாசித்ததற்கே அம்மி கிடைத்தது. இரண்டாம் முறை என்ன கிடைக்கும் என்ற பயம்.

"வாசிட்டி, கேக்காகள்ல" என்றார் பரிவட்டக்காரர்.

"வண்டிகள்... இங்கே... நிற்கலாம்."

சிவனாண்டி பலகையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்படியா போட்டிருக்கு? நல்லாப் பாத்து வாசி."

"அப்படித்தான்யா போட்டிருக்கு."

"எந்த எடத்துக்குப் போட்டிருக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

அவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையிலிருந்த பரிவட்டம் அவிழ்ந்து விழும்படி சிரித்தார். விழுந்ததை எடுத்துத் தாமே மறுபடி கட்டிக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் வெள்ளத்தாயின் கடலை. அன்று எழுத்து, வாசிப்பு, மனக்கணக்கு மூன்றும் நடந்தன. இந்தத் திருவிழாக் காலத்தில் பாடம் நடந்த முதல் நாள், பள்ளிக்கூடம் இல்லாத அந்த நாள்தான்.

மண்டகப்படி வாங்கினவன் விட முடியாது. விட்டால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். அடுத்த சனிக்கிழமையை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சிவனாண்டிக்கு அடுத்த நாளே கவலை வந்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் வாசித்து ஒரு பிள்ளை எங்கே தேறும்? திங்கட்கிழமை காலையில் வெள்ளத்தாய் வழக்கம்போலக் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஜட்கா வந்து நின்றது. சிவனாண்டி இறங்கினார். குருவம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்படியை அவரே மிதித்துத் தாண்டி, உள்ளே கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

வெள்ளத்தாய் கடலையைக் கிளறிக்கொண்டே, "சத்தியம்?" என்றாள்.

"பிள்ள மிதிக்க மாட்டான்னுதான சொன்னேன்? தகப்பன் மிதிக்க மாட்டான்னா சொன்னேன்?"

இப்படிக் காலையில் ஒரு தூக்கு, சாயங்காலம் ஒரு தூக்கு. மற்ற மண்டகப்படிக்காரர்களும் முறை தெரிந்த பிறகு தங்கள் இடத்துக்கு உற்சவர் வர வேண்டும் என்று கொடி பிடித்தார்கள். வாரம் முழுதும் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, சனிக்கிழமை ஒரு நாள்தான் புறப்பாடு என்று தேவநேசன் கண்டிப்பாகச் சொன்னார். சனிக்கிழமை யாருடையது? கண்ணுச்சாமி கடலைக் கூடை முன்னால் வந்து நின்று, "தாயி, வார சனிக்கிழமைய எனக்கு விட்டுக் குடுப்பியா?" என்று கேட்க நேர்ந்தது. வெள்ளத்தாய் யோசித்து, தலையில் எண்ணெய் வைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடுத்தாள். பிள்ளைகள் செக்கடியில் எடை படித்தார்கள். சுயம்புலிங்கத்தின் தறியில் இழை எண்ணிப் பெருக்கல் படித்தார்கள். கபீர் கடையில் மூட்டை வந்த ஊர்களையெல்லாம் தேசப் படத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையை வேதமணி கேட்டதற்கு மட்டும், அது உங்க சாமிக்குக் குடுத்த நாளு என்று மறுத்துவிட்டாள்.

அவளையும் எழுத்துப் படிக்கச் சொல்லித் தேவகிருபை எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "ஐயோ, நான் மாட்டேம்மா. படிச்சா எங்க அண்ணன் மாதிரி ஆயிருவேன். பொறவு கடலைய யாரு அவிக்க?" என்று சொல்லிவிட்டாள் வெள்ளத்தாய்.

சிவனாண்டி பாடுதான் சிரமம். மூன்றாம் வகுப்பில் குருவம்மா கனத்தாள். நாலாம் வகுப்பில் உயரமும் வந்து, தோளில் போட்டால் கால் தரையைத் தேடிற்று. ஐந்தாம் வகுப்பில் அவர் வாசற்படியில் வைத்தியநாதா வைத்தியநாதா என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். ஐந்து முடிந்த அன்று மகளை வெளியே இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேவநேசனிடம் வந்தார்.

"சார், ஒரு ரோசன. இந்த வாசப்படியப் பேத்து எடுத்துட்டா என்ன? படி இருந்தாத்தான மிதிக்கணும்?"

"எடுத்துட்டாப் போச்சு. அதான் குருவம்மா முடிச்சிட்டாளே, இனி எதுக்குக் கவல?"

சிவனாண்டி வாசல் பக்கம் பார்த்தார். வெள்ளத்தாய் பேச்சிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். 'எம் பிள்ள' என்றுதான் சத்தியம். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை.

"படிய எடுக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள் வெள்ளத்தாய், சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "சின்னவ கனமில்ல. பாத்துத் தூக்குங்க."

பேச்சி புதுச் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து, யாரும் சொல்லாமலே தகப்பனார் முன்னால் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.